யூடியூபில் பார்த்தாயிற்று, இனி விளையாட என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: “ஃபயர்வாட்ச், எடித் ஃபிஞ்ச் ரெண்டையும் யூடியூப்லயே முழுசா பார்த்துட்டேன். கதை தெரிஞ்சுபோச்சு. சண்டை இல்ல, பாயின்ட் இல்ல, நடந்துக்கிட்டே இருக்காங்க. இந்த மாதிரி கேமைக் காசு குடுத்து வாங்கி விளையாடுறதுல என்ன கிடைக்கும்?”

நியாயமான கேள்விதான். இந்த வகை கேம்களை விரும்பி விளையாடுகிறவர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் மழுப்புவார்கள். “அது ஒரு அனுபவம்”, “நீயே விளையாடினாத்தான் புரியும்” என்பார்கள். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. பார்த்தாலே போதும் என்கிற கேம்கள் இந்த வகையில் நிறைய இருக்கின்றன. அவற்றில் சில எனக்கு ரொம்பப் பிடித்தவையும்கூட. பார்த்தால் கால்வாசிகூடத் தேறாதவையும் இருக்கின்றன. எது எந்தப் பக்கம் என்று பிரிக்க நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன்: கதையில் ஏதாவது ஒரு பங்கை அந்த கேம் நம் கையிடம் ஒப்படைத்திருக்கிறதா? படம் அழகாக இருக்கிறதா, இசை உருக்குகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அழகையும் இசையையும் வீடியோவே கொடுத்துவிடும்.

உங்கள் கெட்ட நேரம், நீங்கள் பார்த்து முடித்த இரண்டுமே கையிடம் ஒப்படைத்தவை. (இரண்டையும் இன்னும் தொடாதவர்கள் அடுத்து வரும் சில பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள். கதையைப் பேசாமல் இதைப் பேச முடியாது.)

எடித் ஃபிஞ்ச், ஜயன்ட் ஸ்பாரோ என்ற சின்ன ஸ்டூடியோ செய்தது, 2017-இல் வந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த கேம் விருதும் வாங்கியது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தீவு, அங்கே கோணல்மாணலாக மேலே மேலே கட்டிக்கொண்டு போன ஒரு வீடு. அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவராக எப்படி இறந்தார்கள் என்பதுதான் கதை. ஒவ்வொரு சாவையும் விளையாடும் முறை வேறு.

அதில் லூயிஸ் என்ற இளைஞனின் பகுதியை நினைவுபடுத்திப் பாருங்கள். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. பெல்ட்டில் மீன் வந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கால் மீனை இழுத்து, கத்திக்கு அடியில் கொண்டுபோய்த் தலையை வெட்டி, தள்ளிவிட வேண்டும். அடுத்த மீன். அதற்கடுத்த மீன். சலிப்புத் தாங்காமல் லூயிஸ் மனதுக்குள் ஒரு ராஜ்ஜியத்தைக் கட்ட ஆரம்பிக்கிறான். அந்த ராஜ்ஜியத்தில் நடமாட இடது ஸ்டிக். முதலில் அது திரையில் ஒரு சின்னப் பகுதியில் நிறமில்லாத பழைய கேம் மாதிரித் தெரிகிறது. பிறகு நிறம் வருகிறது, இசை வருகிறது, ஊர்கள் வருகின்றன, கொஞ்சம் கொஞ்சமாகத் திரை முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. அவ்வளவு நேரமும் வலது கை மீன் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

வீடியோவில் பார்த்தால் இது சாமர்த்தியமாகச் செய்த ஒரு காட்சி, அவ்வளவுதான். ‘அட!’ என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாம். கையில் கன்ட்ரோலர் இருக்கும்போது நடப்பது வேறு. ஒரு கட்டத்தில் சட்டென்று உறைக்கும்: கடைசியாக எப்போது நாம் மீனைப் பார்த்தோம்? வலது கை பழகிப்போய்த் தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கிறது; கண்ணும் மனமும் எங்கோ ராஜ்ஜியத்தில். லூயிஸுக்கு நடந்ததும் இதுவேதான். பின்னணியில் அவனுடைய மனநல மருத்துவர் எழுதிய கடிதம் ஒலிக்கிறது; அவர் விளக்கி முடிப்பதற்குள் நம் விரல்களுக்கே விஷயம் தெரிந்துவிடுகிறது. கடைசியில் முடிசூட்டு விழாவை நோக்கி அவன் நடக்கும்போது, அந்த நடை எங்கே போய் நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகும் ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டிருப்பது நாம்தான். யூடியூபில் அதை வேறொருவர் தள்ளினார். நீங்கள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

அதே கேமில் கால்வின் என்ற பையனின் ஊஞ்சலும் அப்படித்தான். இரண்டு ஸ்டிக்கும் அவனுடைய இரண்டு கால்கள். முன்னும் பின்னும் உந்தி உந்தி ஆட வேண்டும். உயரம் கூடக் கூட ‘இன்னும் கொஞ்சம்’ என்று நமக்கே ஆசை வருகிறது. இந்தப் பையன் பிழைக்கப் போவதில்லை என்று கதை முன்பே சொல்லிவிட்டது. ஆனாலும் உந்துகிறோம்.

ஃபயர்வாட்ச் இப்படிக் கைவித்தை எதுவும் காட்டாது. கேம்போ சான்டோ என்ற ஸ்டூடியோ 2016-இல் வெளியிட்டது. 1989 கோடை, வயோமிங் மாநிலத்து ஷஷோனி காடு. அதற்கு முந்தைய வருடம்தான் பக்கத்து யெல்லோஸ்டோனில் பெருந்தீ பற்றி எரிந்திருந்தது. ஹென்றி தீக்காவல் கோபுரத்தில் தனியாக இருக்கிறான். வாக்கி-டாக்கியில் டெலைலாவின் குரல் மட்டும். கையில் ஒரு காகித வரைபடம், ஒரு திசைகாட்டி. இங்கே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது தனிமையும் அதன் நேரமும்.

டெலைலா ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமலே இருந்துவிடலாம். கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு நம் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு பேசுவாள். அதே மாதிரி, எதையாவது கண்டதும் அவளிடம் சொல்லத் தோன்றும்; சொல்வதா வேண்டாமா என்று யோசித்தபடி நடப்போம். இது எதுவும் ஸ்ட்ரீமில், அதாவது ஒருவர் பேசிக்கொண்டே விளையாடிக் காட்டும் வீடியோவில், நடக்காது. ஸ்ட்ரீமருக்கு மௌனம் ஆகாது. அவர் தொழிலே பேசுவது. ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் ஒரு பள்ளத்தாக்கைக் கடந்தால் பார்க்கிறவர்கள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். அதனால் ஜோக் அடிப்பார், பார்க்கிறவர்கள் சாட்டில் எழுதுவதைப் படிப்பார், “மக்களே, இங்க ஏதோ இருக்கு” என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வகை கேம்களில் பாதிக்கு மேல் கட்டப்பட்டிருப்பதே மௌனத்தால்தான்; அவர் மூடி மறைப்பதும் அதைத்தான்.

ஃபயர்வாட்சின் முடிவு சப்பென்று இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் நினைத்திருப்பீர்கள். பெரிய சதி, ரகசிய ஆராய்ச்சி, கண்காணிப்பு என்று எதையெதையோ எதிர்பார்க்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரு அப்பனும் மகனும் சம்பந்தப்பட்ட சோகக் கதையாக முடித்துவிட்டார்களே என்று. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது மோசமான விடை கொண்ட மர்மக்கதை. காட்டில் தனியாக நடந்தவருக்கு அப்படி இல்லை. அங்கே சந்தேகத்தை வளர்த்தது கதாசிரியர் மட்டும் இல்லை, நாமும்தான். பேச ஒரே ஒரு குரல், பார்க்க மனித முகமே இல்லை என்றானபோது, கிடைத்த துண்டுத்தாளையெல்லாம் கோத்து ஒரு சதியை நாமே நெய்துகொண்டோம். ஹென்றியும் அதைத்தான் செய்தான். மறதிநோயோடு இருக்கும் மனைவியைப் பற்றி யோசிக்காமல் இருக்க அவனுக்கு ஒரு சதி தேவைப்பட்டது. முடிவில் வரும் ஏமாற்றம் அவனுடையது. அது நமக்கும் வர வேண்டும் என்றால் நாம் நம்பியிருக்க வேண்டும். இந்த முடிவை எனக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

அடுத்து கூச்சம், பயம், குற்றவுணர்வு. இவை மூன்றும் வீடியோவுக்குள் நுழையவே முடியாதவை.

டிஸ்கோ எலிசியம் என்று ஒன்று, 2019-இல் வந்தது. எஸ்டோனியாவில் உருவான ஜா/உம் குழு செய்தது. பத்து லட்சம் சொல்லுக்கு மேல் எழுத்து. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறியும் போலீஸ்காரர் நாம். அவருடைய 24 திறன்களும் தலைக்குள் 24 குரல்களாகப் பேசும், சண்டை போடும், தப்பான யோசனை சொல்லும். ஆரம்பத்திலேயே, சுழலும் மின்விசிறியில் மாட்டிக்கொண்ட கழுத்துப்பட்டையை எடுக்கப் போய் மாரடைப்பில் செத்துக் கேமையே முடித்துக்கொள்ளலாம். சிரிப்பாக இருக்கும், ஸ்ட்ரீமில் இன்னும் சிரிப்பாக இருக்கும். ஆனால் இந்த கேமின் உயிர் கிம் கிட்சுராகி என்ற கூட்டாளிதான். அளவாகப் பேசுகிற, கண்ணியமான மனிதர். நாம் எதையாவது உளறும்போது ஒன்றும் சொல்லாமல் ஒரு கணம் நிறுத்துவார். அந்த ஒரு கணத்தில் கூசிப்போகும். உளறலைத் தேர்ந்தெடுத்தது நான் அல்லவா? வேறொருவர் தேர்ந்தெடுத்த உளறலுக்கு நான் ஏன் கூசப்போகிறேன்? கிம் ஏதாவது ஒன்றைப் பாராட்டிவிட்டால் ஒரு நாள் முழுக்க மனது நிறைந்திருக்கும், சும்மா சொல்லவில்லை. ஒரு எச்சரிக்கை: ஆங்கிலம் கனமானது, அகராதி பக்கத்தில் இருந்தால் நல்லது. இன்னொன்று, நாம் செய்வது பலிக்குமா என்பதை இதில் பகடைதான் தீர்மானிக்கும்; பகடை தோற்றால், முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். இந்த கேமில் தோல்விக்குத்தான் நல்ல வசனங்களை எழுதி வைத்திருக்கிறார்கள்.

பயத்துக்கு ஹெல்பிளேட், 2017. செனுவா என்ற பெண்ணின் தலைக்குள் குரல்கள். கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவப் பேராசிரியர் பால் ஃப்ளெட்சர் ஆலோசனையோடு, மனச்சிதைவு அனுபவம் உள்ளவர்களையும் கேட்டு உருவாக்கினார்கள். ஹெட்போன் போட்டால் குரல்கள் காதுக்குப் பின்னாலிருந்து, தோளுக்கு மேலிருந்து என்று திசை மாறி மாறிக் கேட்கும். இதுவரை வீடியோவிலும் கிடைக்கும். ஆனால் தொடக்கத்தில் கேம் ஓர் எச்சரிக்கை விடுகிறது: ஒவ்வொரு முறை தோற்கும்போதும் கையில் ஒரு கருமை மேலே ஏறும், அது தலையை எட்டினால் இதுவரை விளையாடியதெல்லாம் அழிந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டையும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கையைப் பார்த்துப் பார்த்து அடி வைப்போம். அந்த எச்சரிக்கையைப் பற்றி இணையத்தில் பெரிய விவாதமே நடந்தது. அதை இங்கே நான் சொல்வதாக இல்லை. பார்க்கிறவருக்கு அது திரையில் வந்துபோகும் ஒரு வரி. இழப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லையே.

குற்றவுணர்வு என்றால் சைலன்ட் ஹில் 2. கொனாமி 2001-இல் வெளியிட்டது. 2024-இல் ப்ளூபர் டீம் புதிதாகச் செய்து கொடுத்தது. இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததால் ஜேம்ஸ் அந்த மூடுபனி ஊருக்கு வருகிறான். (மூடுபனியே ஒரு சமாளிப்பாகப் பிறந்ததுதான். 1999-இல் வந்த முதல் பாகத்தில், தூரத்தில் இருப்பதை வரைய பழைய பிளேஸ்டேஷனுக்குத் திராணி இல்லை. பனியைப் போட்டு மூடினார்கள். இரண்டாம் பாகத்தில் அது ஊரின் குணமாகவே ஆகிவிட்டது.) முடிவுகள் பல. எது கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது ‘இதைச் செய்யவா, அதைச் செய்யவா’ என்ற கேள்வி இல்லை. உடம்பில் காயத்தோடு மருந்து போடாமல் சுற்றினோமா, ஒரு பெண் கொடுத்த கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தோமா, மனைவியின் படத்தைப் பார்த்தோமா என்று நாம் கவனிக்காமல் செய்ததையெல்லாம் கேம் ஓசைப்படாமல் குறித்துக்கொள்கிறது. அதை வைத்து, இந்த ஜேம்ஸ் வாழ விரும்புகிறவனா இல்லையா என்று முடிவுசெய்கிறது. யூடியூபில் உங்களுக்குக் கிடைப்பது யாரோ ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்ற அறிக்கை. பெரும்பாலும் “எல்லா எண்டிங்கும் ஒரே வீடியோவில்” என்ற தலைப்போடு.

இதுவரை சொன்னவற்றையெல்லாம் வீடியோ பார்த்த பிறகும் ஓரளவு விளையாடிக்கொள்ளலாம். பார்த்துவிட்டால் அதோடு செத்துப்போகிற ஒன்று இருக்கிறது. அவுட்டர் வைல்ட்ஸ்.

அலெக்ஸ் பீச்சம் இதைத் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது தொடங்கினார். மோபியஸ் டிஜிட்டல் என்ற ஸ்டூடியோ அதை முழு கேமாக்கியது, 2019-இல் வந்தது. ஒரு சின்னச் சூரியக் குடும்பம், மரப்பலகையும் ஒட்டுப்போட்ட தகரமுமாக ஒரு விண்கலம். 22 நிமிடம் கழித்து எல்லாம் முடிந்துவிடும். மறுபடி அதே இடத்தில், தீ மூட்டிய முகாமில் கண் விழிப்போம். ஒவ்வொரு சுற்றிலும் உலகம் தன் நேரப்படி இயங்குகிறது. ஒரு கோள் துண்டு துண்டாக உடைந்து தன் வயிற்றிலிருக்கும் கருந்துளைக்குள் விழுந்துகொண்டிருக்கும். இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். முதல் சில நிமிடம் திறந்திருந்த குகை கடைசியில் மணலுக்குள் போயிருக்கும்.

இதில் நாம் எதையும் சேர்த்துவைக்க முடியாது. ஆயுதம் இல்லை, லெவல் ஏறாது, புதிய சக்தி வராது. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குப் போவது நமக்குத் தெரிந்த விஷயம் மட்டும்தான். வழி தெரிந்திருந்தால் ஒரே சுற்றில் கேமை முடித்துவிடலாம்; எதுவும் பூட்டி வைக்கப்படவில்லை. பூட்டு என்பது நம் அறியாமைதான். ஆகவே யாரோ விளையாடியதைப் பார்ப்பது, விடுகதையைக் கேட்பதற்கு முன்பே விடையைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. அதன்பிறகு காசு கொடுத்து வாங்கினாலும் உங்களிடம் இருப்பது வெறும் ஊர் சுற்றல்.

சூழல் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் உதாரணமும் இதுதான். ஆண்ட்ரூ பிராலோவின் இசை. விண்வெளியில் சிதறிப்போன பயணிகள் ஆளுக்கொரு வாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பார்கள்: ஒருவர் பாஞ்சோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மவுத் ஆர்கன், ஒருவர் மேளம், ஒருவர் வெறும் சீட்டி. ஒலிவாங்கியைத் திருப்பித் திருப்பித் தேடினால் ஒவ்வொருவராகக் கேட்கும். எல்லாக் கோள்களையும் ஒரே திசையில் பார்க்கும்படி வெகுதூரம் போய்த் திரும்பி நின்றால், அவரவர் தனியாக வாசித்ததெல்லாம் ஒரே பாட்டாகச் சேர்ந்துகொள்ளும். இதைச் செய் என்று கேம் எங்கேயும் சொல்லாது. அதே மாதிரி, சுற்று முடியப்போகும்போது ஓர் இசை மெல்ல எழும். முதலில் அது அழகாக மட்டும் இருக்கும். சில சுற்று கழித்து, அந்த முதல் சுரம் கேட்டதுமே வயிற்றில் ஏதோ செய்யும். கையில் இருக்கும் வேலையை முடிக்க முடியுமா, அல்லது சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். இன்னும் ஓர் இடம் இருக்கிறது, அங்கே உயிரோடு கடந்துபோக வேண்டுமென்றால் எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது. அதற்கு மேல் சொல்லமாட்டேன். கையை எடுப்பதும் கைவேலைதான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், 2018. ஏறக்குறைய முழுவதையும் லூகஸ் போப் என்ற ஒருவரே செய்தது. 1807-இல் ஆளில்லாமல் கரைக்கு வந்துசேர்ந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். அதிலிருந்த 60 பேரும் யார், எப்படிப் போனார்கள் என்று காப்பீட்டு ஆய்வாளராக நாம் கண்டுபிடிக்க வேண்டும். பேச்சு வழக்கு, பச்சை குத்தல், தூங்கும் வலைத்தொட்டிலின் எண் என்று துப்பு எங்கெங்கோ இருக்கும். மூன்று பேருடைய விவரம் சரியானால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். இதையும் பார்த்துவிடாதீர்கள்.

ஜர்னியை எங்கே வைப்பது என்று எனக்கே ஒரு குழப்பம் உண்டு. தட்கேம்கம்பெனி என்ற ஸ்டூடியோ செய்தது, 2012-இல் வந்தது. பாலைவனம், தூரத்தில் ஒரு மலை, சிவப்பு அங்கி அணிந்த ஓர் உருவம். வசனமே கிடையாது. ஆஸ்டின் வின்டரியின் இசை கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு கேம் முழு இசைத்தொகுப்பாக அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை. வீடியோவாகப் பார்த்தாலும் கொள்ளை அழகு. ஆனால் நடுவழியில் இன்னொரு சிவப்பு அங்கி வந்து சேரும். அது நிஜ மனிதர். உலகின் எந்த மூலையிலோ உட்கார்ந்து விளையாடுகிறார். பெயர் தெரியாது, பேச முடியாது. ஒரு ஒலி எழுப்பலாம், கூடவே நடக்கலாம். பனிமலையில் ஒருவரையொருவர் ஒட்டி நடந்தால் கொஞ்சம் தெம்பு வரும். அவர் பின்தங்கினால் நிற்போம். வடிவமைப்பாளர் ஜெனோவா சென் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார்: ஆரம்பகால மாதிரிகளில் ஒருவர்மேல் ஒருவர் மோத முடியும்படி வைத்திருந்தார்கள், சோதனைக்கு விளையாடியவர்கள் உதவி செய்வதற்குப் பதிலாக ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளி விளையாடினார்கள். மோதலை எடுத்துவிட்டதும் அந்தக் குறும்பு நின்றுபோனது. கெட்டது செய்ய வழியில்லாமல் செய்தால் மனிதர்கள் சாதுவாகிவிடுகிறார்கள் என்பது என்னளவில் கொஞ்சம் சங்கடமான கண்டுபிடிப்புதான். ஆனால் அந்தப் பனியில் ஒரு முன்பின் தெரியாதவருக்காக நின்றது என் கை.

பார்த்தாலே போதும் என்றேனே, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் டியர் எஸ்தர். 2008-இல் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்து டான் பின்ச்பெக், ஹாஃப்-லைஃப் 2 என்ற கேமின் மேல் செய்த ஒரு பரிசோதனை. 2012-இல் தனி கேமாக விலைக்கு வந்தது. நடப்பதைத் தவிர வேலையே இல்லாத கேம்களை ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று சொல்லும் கிண்டல் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்காட்லாந்துப் பக்கத்து ஹெப்ரிடீஸ் தீவு ஒன்றில் நடக்கிறோம். ஒரு குரல் கடிதத் துண்டுகளை வாசிக்கிறது. எந்தத் துண்டு வரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். குகைகள் அத்தனை அழகு. ஆனால் டார்ச்கூடத் தானாகவே எரிகிறது. என் கைக்கு வேலை இல்லை. இருட்டறையில் நல்ல திரையில் யாராவது பேசாமல் விளையாடிய பதிவைப் பாருங்கள், குறை ஒன்றும் வராது. பின்ச்பெக்கின் ஸ்டூடியோவான தி சைனீஸ் ரூமின் எவ்ரிபடிஸ் கான் டு தி ராப்ச்சர் (2015) எனக்குப் பொறுமையைச் சோதித்தது. வேகமாக நடக்க ஒரு பொத்தான் இருந்தும் அதைச் சரியாகத் தெரிவிக்காமல் விட்டுவிட்டார்கள். மெதுவாக நடக்க வைத்தால் ஆழம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இந்த வகை கேம் செய்கிறவர்களிடம் இருக்கிறது. வராது. அதோடு, காலி வீட்டில் டேப்ரெக்கார்டரைக் கண்டெடுத்து இறந்தவர் குரலைக் கேட்கும் பழக்கத்துக்கும் பத்து வருடம் விடுமுறை கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கான் ஹோம் (2013) பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் வேறு. ஒரே ஒரு வீடு, 1995, இடி மழை இரவு, வீட்டில் யாரும் இல்லை. பேய்க்கதை என்று நினைத்துப் பயந்து பயந்து விளக்கைப் போட்டுக்கொண்டே போவோம். இழுப்பறையில் எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க ஒரு வசதி உண்டு. வைப்பதால் ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் வைப்போம், ஏனென்றால் அது நம் வீடு, நம் தங்கையின் அறை. ஸ்ட்ரீமர்கள் தரையில் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்து எனக்கு ஒருமுறை கோபமே வந்தது.

வெண்பா என்ற கேம் மட்டும் இதில் விதிவிலக்கு. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது, அடுத்த வருடம் அறிமுக கேமுக்கான பாஃப்டா வாங்கியது. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம்; அம்மா எழுதிக்கொடுத்த, கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்பேட்டை வைத்து வெண்பா சமைக்கிறாள். எழுத்து அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யூகிப்பதுதான் புதிர். நம் வீட்டுக்காரர்களுக்கு அது புதிரே இல்லை. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதற்குப் பிறகு எது என்பதெல்லாம் யோசிக்காமலே கை செய்துவிடும். அதனால் முதலில் நீங்கள் விளையாடிவிட்டு, பிறகு வேற்று நாட்டு ஸ்ட்ரீமர் யாராவது இட்லியோடு போராடுவதைப் பாருங்கள். இந்த ஒரு கேமுக்கு மட்டும் யூடியூபும் வேண்டும் என்பேன்.

காசு விஷயத்தையும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வகை கேம்களைச் செய்பவை பெரும்பாலும் கையடக்கமான குழுக்கள். அமெரிக்காவின் ரயன், ஏமி கிரீன் தம்பதி, புற்றுநோயில் இழந்த தங்கள் சின்ன மகன் ஜோயலைப் பற்றி ‘தட் டிராகன், கேன்சர்’ என்ற கேமை 2016 ஜனவரியில் நண்பர்களோடு சேர்ந்து வெளியிட்டார்கள். மார்ச்சில் ரயன் எழுதினார்: முழு கேமையும் காட்டும் வீடியோக்களைப் பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், ஆனால் விற்பனையிலிருந்து தங்கள் ஸ்டூடியோவுக்கு இன்னும் ஒரு டாலர்கூட வரவில்லை. அந்த கேமில் ஓர் ஆஸ்பத்திரி இரவு உண்டு. குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. தூக்கலாம், குடிக்க ஏதாவது கொடுக்கப் பார்க்கலாம், அறையில் எதைத் தொட்டாலும் அழுகை நிற்காது. பார்க்கிறவர் அழுகையைக் கேட்கிறார். விளையாடுகிறவருக்கு உதவாத இரண்டு கைகளும் இருக்கின்றன. நீளம் குறைவு என்பதால் இவற்றுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணிநேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், கேம் விற்கும் தளமான ஸ்டீம் காசைத் திருப்பித் தந்துவிடும். முழுவதையும் முடித்துவிட்டே திருப்பிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உங்களுக்கு என்ன சொல்வது? எடித் ஃபிஞ்சைக் கதை தெரிந்த பிறகும் விளையாடலாம். இரண்டு மணிநேரம்தான், தள்ளுபடிக் காலத்தில் விலை நன்றாக இறங்கும். கன்ட்ரோலர் இருந்தால் உத்தமம், மவுஸும் கீபோர்டும் வைத்தும் ஒப்பேற்றலாம். ஃபயர்வாட்சை ஒன்றிரண்டு வருடம் ஆறப்போடுங்கள். பிறகு விளையாடும்போது வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் குறியை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். தலை சுற்றினால் பார்வைக் கோணத்தைக் கூட்டி, அசைவில் படத்தை மங்கலாக்கும் மோஷன் ப்ளரை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹெட்போன் கட்டாயம். சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். அடுத்ததாக ஒரே ஒரு கேம்தான் வாங்குவேன் என்றால் அவுட்டர் வைல்ட்ஸை வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று மணிநேரம் ஒன்றும் பிடிபடாது, எரிச்சலாகக்கூட இருக்கும். கப்பலில் இருக்கும் குறிப்பேடு நீங்கள் கண்டதையெல்லாம் கோத்துவைக்கும், அதைத் திறந்து பாருங்கள். எங்காவது சிக்கிக்கொண்டால் விளையாடி முடித்த ஒருவரிடம் கேளுங்கள், யூடியூபில் மட்டும் தேடிவிடாதீர்கள். பெயரை ஒருமுறை போட்டுத் தேடிவிட்டால் மறுநாள் முகப்பிலேயே முடிவைக் காட்டும் வீடியோவைக் கொண்டுவந்து வைத்துவிடும்.